மெயின் அவுட்ல ஹெட்போன் சொருகலாமா?

2 ஜூன் 2024, மாலை 6.15 | வில்லியனூரிலிருந்து ஒரு கேள்வி

அண்ணே, இங்க ஒரு பஜனைக் குழுவுக்கு சவுண்டு பாக்குறேன். மிக்சர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஹெட்போன் ஜாக் செத்துப்போச்சு. பின்னாடி மெயின் அவுட் கேனன்ல (மூணு முள் எக்ஸ்எல்ஆர்) ரெண்டு, பி38ல (கால் அங்குல ஜாக்) ரெண்டு இருக்கு. கேனன்ல இருந்து ஹால் ஸ்பீக்கருக்கு லைன் போகுது. பி38 சும்மாதானே இருக்குன்னு என் ஹெட்போனை (32 ஓம், சாதா ஸ்டீரியோ) அதுல சொருகினேன். ரெண்டு காதுலயும் சத்தம் வருது, நல்லாவே வருது. ஆனா பாடுறவங்க குரல் நடுவுல நிக்கல. தலைக்கு வெளியில எங்கயோ மிதக்குது, கேக்கக் கேக்க ஒரு அமுக்கம். மிருதங்கத்துல தொப்பி (கனமாப் பேசுற இடது பக்கம்) சப்பையா இருக்கு. சொருகின உடனே முன்வரிசைப் பெரியவர் ஒருத்தர் திரும்பி என்னைப் பாத்தாரு. ஹெட்போன் போச்சா? பேலன்ஸ்டை ஸ்டீரியோவா மாத்துற கன்வெர்ட்டர் பின் கடையில கிடைக்குமா?

2 ஜூன், இரவு 9.50

ஹெட்போனுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. முதல்ல அதைக் கழட்டு.

ஹெட்போன் பின்னைக் கையில எடுத்துப் பாரு. ரெண்டு கறுப்புக் கோடு, அதால பிரிஞ்ச மூணு பாகம்: நுனி, நடு வளையம், தண்டு. ஹெட்போனுக்கு நுனி இடது காது, வளையம் வலது காது, தண்டு ரெண்டுக்கும் பொதுவான எர்த்து.

உன் மிக்சர் பி38லயும் அதே மூணு பாகம்தான், அர்த்தம் வேற. அங்க போறது ஒரே ஒரு சிக்னல். நுனியில நேரா, வளையத்துல அதே சிக்னல் தலைகீழா, தண்டுல எர்த்து. பேலன்ஸ்டுன்னா இதுதான். கேனன்ல பாத்தா 2 நேர், 3 தலைகீழ், 1 எர்த்து. இடது மெயின் அவுட்ல சொருகினா இடது சேனல் மட்டும்தான் உனக்குக் கேக்கும். அதுவும் ஒரு காதுல நேரா, இன்னொரு காதுல கவுந்து. இடது காது டயஃப்ரம் வெளிய தள்ளும்போது வலது உள்ள இழுக்குது. நடுவுல நிக்க வேண்டிய குரலுக்கு நிக்க இடமே கிடையாது. நீ சொன்ன அமுக்கம் அதுதான், தொப்பி சப்பையானதும் அதாலதான்.

கன்வெர்ட்டர் பின் தேடாதே. ரெண்டு சிக்னலைச் சுமக்கிறது ஹெட்போன் பின், ஒரே சிக்னலை ரெண்டு தரம் சுமக்கிறது உன் ஜாக். வெறும் பின்னை மாத்தி இதை அதாக்க முடியாது.

2 ஜூன், இரவு 10.20

வழி கேட்டியே, அதைச் சொல்லாம விட்டுட்டேன். ரெண்டு மெயின் அவுட்லயும் ஒவ்வொரு ஸ்டீரியோ பி38 பின் சொருகு. இடது பின்னோட நுனியில இருந்து ஒரு ஒயர், வலது பின்னோட நுனியில இருந்து ஒரு ஒயர். ரெண்டையும் ஒரு ஸ்டீரியோ சாக்கெட்டோட நுனிக்கும் வளையத்துக்கும் கொண்டுவந்து சால்டர் பண்ணு. எர்த்து மூணும் ஒண்ணு. ரெண்டு பின்னோட வளையத்து ஒயரையும் சும்மா விட்டுடு, எங்கயும் படக்கூடாது. ஆளுக்கு ஒரு சிக்னல், நேரா வரும். பாதி சிக்னலைத்தான் எடுக்குறோம், அதனால சத்தம் 6 டிபி (டெசிபல்) இறங்கும்.

3 ஜூன், காலை 5.40

தூக்கத்துல கணக்கு ஓடிச்சு. 6 டிபி இறங்கும்னு எழுதினது தப்பு.

மீட்டர் 0 காட்டும்போது புரொபஷனல் மிக்சர் வெளிய விடுறது +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். இது நுனிக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்குற வோல்டேஜ். எர்த்துல இருந்து பாத்தா ஒவ்வொரு பக்கமும் பாதிதான். நீ நேத்து சொருகினப்பவும் ஒரு காதுக்கு அந்தப் பாதிதான் போச்சு. நான் சொன்ன கேபிள்லயும் அதே பாதிதான். சத்தம் மாறாது, திசை மட்டும் சரியாகும்.

இன்னும் கொஞ்சம் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு காலுக்கும் (நுனி ஒரு கால், வளையம் ஒரு கால்) உள்ள 75 ஓம் ரெசிஸ்டர் இருக்குன்னு வச்சுக்குவோம், நிறைய மிக்சர்ல அந்த அளவுதான். 32 ஓம் ஹெட்போனைத் தொங்கவிட்டா காதுக்கு வந்து சேர்றது ஏறக்குறைய 0.18 வோல்ட், அதாவது 1 மில்லிவாட். ஹெட்போனுக்கு 1 மில்லிவாட் நிறைய, சில மாடல்ல 100 டிபி தாண்டிடும். நல்லாவே வருதுன்னு நீ சொன்னது நிஜம். சத்தமே வரலன்னா நீ அப்பவே கழட்டியிருப்ப.

3 ஜூன், மதியம் 1.30

கேள்வியைத் திரும்பப் படிச்சேன். முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பாத்தார்னு எழுதியிருக்க. அதை நான் கவனிக்காம விட்டது பெரிய பிழை.

கேனன் அவுட்டும் பி38 அவுட்டும் உன் மிக்சர்ல உள்ள ஒரே லைன்ல இருந்து பிரிஞ்சு வருது போல. நிறைய மிக்சர் அப்படித்தான். அந்த லைன் 10,000 ஓம் சுமைக்காகச் செஞ்சது, நீ 32 ஓமைத் தொங்கவிட்ட. வோல்டேஜ் மூணுல ஒரு பங்குக்கும் கீழ போகும், கிட்டத்தட்ட 10 டிபி. ஹால்ல சத்தம் பாதியாக் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பாத்ததுல ஆச்சரியமே இல்ல. அதுவும் ஒரு பக்க ஸ்பீக்கர்லதான் இறங்கியிருக்கும், இன்னொரு பக்கம் அப்படியே இருந்திருக்கும்.

அதனால நேத்து ராத்திரி சொன்ன கேபிளை நிகழ்ச்சி நடக்கும்போது போடாதே. ரெண்டு பக்கமும் இறங்கிடும். வீட்டுல ரெக்கார்டிங் பாக்கும்போது, ஸ்பீக்கர் லைன் இல்லாதப்ப மட்டும் சரி.

இன்னொண்ணு. 0ல ஓடும்போது கரண்ட் 6 மில்லிஆம்பியர்கிட்ட. ஜால்ரா பட்டுனு அடிச்சா 20 டிபி மேல எகிறும், கரண்ட் பத்து மடங்கு. மிக்சர் அவுட்ல பெரும்பாலும் இருக்குற 5532 மாதிரி ஐசியால 40 மில்லிஆம்பியருக்கு மேல தள்ள முடியாது. முகடு அங்கயே மொட்டையாகும், ஹால் ஸ்பீக்கர்லயும் சேத்து. ஐசி எரிஞ்சுடாது, பயப்படாதே. ஆனா பஜனையில ஜால்ரா கரகரன்னா யாருக்கும் பிடிக்காது.

ஒழுங்கான வழி ஒண்ணுதான். பேலன்ஸ்டு இன்புட் உள்ள சின்ன ஹெட்போன் ஆம்ப். பாக்கெட் அளவுல, இடுப்பு பெல்ட்ல மாட்டுற மாதிரி வருது. இன்புட் ஆயிரக்கணக்கான ஓம், லைனுக்கு அது இருக்கிறதே தெரியாது. நுனியையும் வளையத்தையும் வாங்கி உள்ள கழிச்சு ஒரு சிக்னலாக்கி, அதுக்கப்புறம் ஹெட்போனுக்குத் தனி பலம் குடுக்கும். ரெண்டு இன்புட் உள்ளதா பாத்து வாங்கு, அப்பதான் ஸ்டீரியோ. ஒரு இன்புட் உள்ளதுல மோனோ, ஸ்டீரியோ ஸ்விட்ச் இருந்தா மோனோவுல வை. ஸ்டீரியோவுல வச்சா அது வளையத்தை வலது காதுன்னு நினைச்சுக்கும், மறுபடி பழைய கதை.

5 ஜூன்

"கழிச்சு"ன்னு எழுதினதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இந்தப் பாடத்தை நான் எதிர்ப்பக்கத்துல இருந்து கத்துக்கிட்டவன்.

நெல்லிக்குப்பம் பக்கத்துல ஒரு கிராமம், கூழ் ஊத்துற திருவிழா. அப்பா கிட்ட இருந்து மைக்செட்டு என் கைக்கு வந்த புதுசு. லேப்டாப்ல இருந்து அம்மன் பாட்டு போடணும். ஈபி ஸ்டீரியோ பின் (3.5 மி.மீ) ஒரு முனை, கேனன் மறு முனை, ஒரு ரெடிமேட் கேபிள். சொருகினேன், மேளம் வந்துச்சு, நாதஸ்வரம் வந்துச்சு, பாடுற அம்மா குரல் மட்டும் இல்ல. தூரத்துக் கிணத்துக்குள்ள இருந்து எதிரொலி மாதிரி ஏதோ கேக்குது. ஃபேடரை ஏத்துறேன், மேளம்தான் ஏறுது. அடுப்புப் பக்கம் இருந்த பாட்டி வந்து, "ஏம்பா, பாடுறவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"ன்னு கேட்டாங்க. லேப்டாப்பை மாத்தினேன், சேனலை மாத்தினேன், அரை மணி நேரம் போச்சு.

பேலன்ஸ்டு இன்புட் வேலை என்ன? கேனனோட 2ல இருந்து 3ஐக் கழிக்கிறது. நான் 2ல இடது சேனலும் 3ல வலது சேனலும் குடுத்திருக்கேன். குரலை ரெக்கார்டிங்ல நடுவுல வச்சிருப்பாங்க, ரெண்டு சேனல்லயும் சமமா. சமத்துல இருந்து சமத்தைக் கழிச்சா பூஜ்யம். ஓரத்துல வச்ச மேளமும் குரலோட எதிரொலியும் மட்டும்தான் மிச்சம்.

உனக்கு வந்தது இதோட கண்ணாடிப் பிம்பம். ரெண்டுலயும் பின் கச்சிதமா உள்ள போகும், "டக்"னு பூட்டிக்கும். அதனாலதான் நம்பிடுறோம்.

6 ஜூன்

இந்தப் பி38 எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஆபரேட்டர்கள் கையால லைனைச் சொருகி இணைச்ச அதே கால் அங்குல பின். நுனி, வளையம்ங்கிற பேரும் அங்க இருந்து வந்ததுதான். டெலிபோன் லைனும் ரெண்டு ஒயர் பேலன்ஸ்டு. அப்படிப் பாத்தா பேலன்ஸ்டுதான் இந்தப் பின்னோட பழைய வேலை. ஸ்டீரியோ ஹெட்போன் பிற்பாடு குடிவந்தது.

9 ஜூன், ஞாயிறு

வேற ஒரு வாசகர், புதுச்சேரிக்காரர், கேட்டது: "என் டாங்கிள்ல (போன்ல சொருகி ஹெட்போன் மாட்டுற குட்டி ஆம்ப்) 4.4 மி.மீ பேலன்ஸ்டு அவுட் இருக்கு. சாதா 3.5 ஹெட்போன்தான் என்கிட்ட இருக்கு. ஆன்லைன்ல 4.4 ஆண், 3.5 பெண் அடாப்டர் மலிவா கிடைக்குது. வாங்கலாமா?"

வாங்காதீங்க.

இந்தப் பேலன்ஸ்டு வேற, மிக்சர் பேலன்ஸ்டு வேற. பேர் ஒண்ணா இருக்கறதால வர்ற குழப்பம் இது. மிக்சர்ல பேலன்ஸ்டு வந்தது தூரத்துக்காக. ஜெனரேட்டர் பக்கமா, சீரியல் செட் பக்கமா நூறு மீட்டர் ஒயர் ஓடும்போது இரைச்சல் ரெண்டு ஒயர்லயும் சமமா ஏறும், கடைசியில கழிக்கும்போது செத்துப்போகும். ஒண்ணரை மீட்டர் ஹெட்போன் ஒயருக்கு அந்தத் தேவையே இல்ல, கடைசியில கழிக்கிற சர்க்யூட்டும் அங்க கிடையாது. ஹெட்போன் பேலன்ஸ்டுல ஒவ்வொரு காதுக்கும் ரெண்டு ஆம்ப். ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். வோல்டேஜ் ரெண்டு மடங்கு கிடைக்கும், ரெண்டு காதும் எர்த்தைப் பங்கு போட்டுக்காது. லாபம் அதுதான்.

4.4 பின்ல அஞ்சு பாகம். நுனியில இருந்து வரிசையா இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், தண்டு எர்த்து. மைனஸ் ரெண்டும் எர்த்து இல்ல, உயிருள்ள ஆம்ப் அவுட்புட். சாதா ஹெட்போன்ல ரெண்டு காதோட மைனஸும் பின்லயே ஒண்ணாச் சேந்திருக்கு. அடாப்டர் வழியா சொருகினா இடது ஆம்ப்பும் வலது ஆம்ப்பும் நேருக்கு நேர் முட்டிக்கும். அடாப்டர்ல அந்த ரெண்டையும் எர்த்தோட சேத்திருந்தா இன்னும் மோசம், நேரடி ஷார்ட்.

லாஸ்பேட்டையில இருக்குற எங்க அக்கா பையன் இதையேதான் செஞ்சான். "மாமா, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு"ன்னான். என்ன பாட்டுடான்னு கேட்டேன். பழைய மோனோ பாட்டு. ரெண்டு சேனலும் ஒண்ணா இருந்தா மைனஸ் ரெண்டும் ஒரே மாதிரி ஆடும், சண்டை வராது. அடுத்து ஸ்டீரியோ பாட்டு போட்டிருக்கான். டாங்கிள் கையில சுட்டிருக்கு, அன்னைக்கு ராத்திரியே வலது பக்கம் ஊமை. முதல் சம்பளத்துல வாங்கினது. அவன் முகத்தைப் பாக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

திருப்பிப் போட்டா தப்பில்ல. 4.4 பின் உள்ள ஹெட்போனை சாதா 3.5 அவுட்ல சொருகுற அடாப்டர் பத்திரமானது, ஹெட்போனோட மைனஸ் ரெண்டும் அங்க எர்த்துக்குத்தான் போகுது. உங்க டாங்கிள்லயே 3.5 ஓட்டையும் இருக்கும் பாருங்க. சாதா ஹெட்போனுக்கு அதே போதும்.

12 ஜூன்

2ஆம் தேதி சொன்ன கேபிள்ல வளையத்தைச் சும்மா விடுன்னேன். அது எல்லா மிக்சருக்கும் பொருந்தாது, திருத்திக்கிறேன்.

ரெண்டு தனி ஐசி வச்சுத் தலைகீழ் சிக்னல் எடுக்குற சாதா அவுட்ல வளையத்தை எர்த்துல கட்டக்கூடாது. கட்டினா ஒரு ஐசி ஷார்ட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அவுட்ல நேர் எதிர், கட்டியே ஆகணும். அங்க கேனனோட 2க்கும் 3க்கும் நடுவுல ஒரு காயில், எர்த்தோட சம்பந்தமே இல்ல. 3ஐச் சும்மா விட்டா சுத்து முடியாது, சிக்னல் வராது. டிஆர்வி134 மாதிரி ஐசி உள்ள அவுட்லயும் பயன்படாத காலை எர்த்துல கட்டச் சொல்லுவாங்க. மேனுவல்ல "அன்பேலன்ஸ்டு" பக்கத்தைப் பாரு, ஒரே வரியில இருக்கும்.

மேனுவல் இல்லன்னா: கரண்டை நிறுத்து, எல்லா ஒயரையும் கழட்டு, மல்டிமீட்டரை 2லயும் 3லயும் வை. சில பத்து ஓம் காட்டி, 1ல வச்சா ஒண்ணுமே காட்டலன்னா அது டிரான்ஸ்ஃபார்மர்.

அப்பாவோட பழைய மிக்சர் அந்த வகை. 2011 டிசம்பர் 30, 'தானே' புயல்ல எங்க மஞ்சக்குப்பம் ஷெட்டு கூரை பறந்து, ஆம்ப் எல்லாம் நனைஞ்சு நாசம். ஒரு வாரம் வெயில்ல காய வச்சதும் முதல்ல பேசினது அந்த மிக்சர்தான். உள்ள ரெண்டு கனமான டிரான்ஸ்ஃபார்மர், அப்பா மெழுகு தடவி வச்சிருந்தார். இன்னைக்கும் அதைத் திறந்தா அந்த மெழுகு வாசனை வரும்.

16 ஜூன்

வில்லியனூர் தம்பிக்கு. இதை முதல் நாளே கேட்டிருக்கணும்: அதே ஹெட்போனைப் போன்ல சொருகிப் பாத்தியா?

ஏன்னா இன்னொரு நோயும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் கேக்கும். ஹெட்போன்ல பொது எர்த்து அறுந்துபோனா ரெண்டு காதும் தொடரா மாட்டிக்கும். அப்ப ரெண்டு காதுலயும் வர்றது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். போன்ல பாட்டு போட்டா குரல் காணாமப் போய் எதிரொலி மட்டும் மிஞ்சும், என் நெல்லிக்குப்பம் கதை உன் காதுக்குள்ளயே நடக்கும். போன்ல குரல் நடுவுல கல்லாட்டம் நின்னா ஹெட்போன் நல்லாருக்குன்னு அர்த்தம்.

கடற்கரை ஊர்ல இது அடிக்கடி வரும். தேவனாம்பட்டினத்துல மாசி மகத்துக்கு மூணு நாள் செட் போட்டா, நாலாம் நாள் பின் தண்டுல பச்சை பூக்கும். எர்த்து தொடுற இடமும் அதே தண்டுதான். ஜாக்கைப் பாதி இழுத்தாலும் இதே கோளாறு வரும். பழைய பருத்தி வேட்டித் துணியில ஐசோப்ரொப்பைல் தொட்டுத் துடை. உப்புத்தாள் போடாதே, முலாம் போயிடும், அப்புறம் பச்சை இன்னும் சீக்கிரம் வரும்.

17 ஜூன்

போன்ல குரல் நடுவுல நிக்குதுன்னு தம்பி சொல்லியிருக்கான். நல்லது.

7 ஜூலை, ஞாயிறு, இரவு

தம்பி இன்னைக்குக் கடலூர் வந்திருந்தான். மிக்சரைத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டே பஸ்ல. ரெண்டு இன்புட் ஹெட்போன் ஆம்ப் வாங்கிட்டான். பி38ல இருந்து ஆம்ப்புக்கு ரெண்டு கேபிள் அவனே சால்டர் பண்ணியிருக்கான். சால்டர் பளபளன்னு உருண்டு நிக்குது, நல்ல கை.

ஸ்பீக்கர் லைனை மாட்டி, ஹெட்போன் ஆம்ப்பைச் சொருகினோம், கழட்டினோம், திரும்பச் சொருகினோம். ஸ்பீக்கர் சத்தம் மீட்டர்ல ஒரு கோடுகூட அசையல. போன வாரப் பஜனையைப் போட்டான். குரல் நடுவுல, தொப்பி அடிவயித்துல. ஆனா "ஆர்மோனியம் வலது பக்கம் கேக்குதே, எங்க மேடையில இடது பக்கம்தான் உக்காருவாங்க"ன்னான். கேபிள் ரெண்டையும் மாத்திச் சொருகியிருக்கான். இடது கேபிளுக்கு ரெண்டு முனையிலயும் சிவப்பு டேப் சுத்திக் குடுத்தேன். வெள்ளிக்கிழமை பஜனை இருக்காம், முன்வரிசைப் பெரியவர் பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன்.